பள்ளி மாணவர்களுக்கு நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: புதிய பயிற்சியாளருக்கான வழிகாட்டி

ஓட்டக் குழுவைப் புதிதாக ஏற்பவர் பெரும்பாலும் முதல் நாளே ஸ்டாப்வாட்ச்சை எடுத்துவிடுகிறார். எல்லோரையும் 1500 மீட்டர் ஓடவிட்டு, நேரம் குறித்து, பின்தங்கியவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேரோடு தொடங்குகிறார். இதில் இரண்டு நஷ்டம். ஓடிப் பழகாத பிள்ளைக்கு, ஓட்டம் என்றாலே வயிற்றுக் குமட்டலும் அவமானமும்தான் என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிடும். இன்னொன்று, 14 வயதில் முதலில் வரும் பிள்ளை பல நேரம் மற்றவர்களைவிட முன்னதாக வளர்ந்த பிள்ளையாக இருக்கும். வளர்ச்சி இரண்டு வருடம் தள்ளி வரும் ஒருவரை நீங்கள் அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருப்பீர்கள். அதனால் முதல் நான்கு வாரம் யாருக்கும் நேரம் குறிக்க வேண்டாம்.

14 முதல் 18 வயதுப் பிள்ளைகளை 800 முதல் 5000 மீட்டர் வரையான ஓட்டங்களுக்குத் தயார் செய்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. அந்த வயதில் கற்றுத்தர வேண்டிய முதல் திறமை, தான் எவ்வளவு முயற்சி போடுகிறோம் என்று தானே அளக்கத் தெரிவது. மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடத் தெரிந்தவருக்குத்தான் பந்தயத்தின் முதல் சுற்றில் பொறுமை வரும். காலுக்கு ஒரு பயிற்சி, மனதுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்தால் இரண்டாவது நடக்கவே நடக்காது. தினசரி ஓட்டத்துக்குள்ளேயே இரண்டையும் வைக்க வேண்டும்.

தொடங்கும் முன்

ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு விஷயம் கேட்டு எழுதி வையுங்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா? நெஞ்சு வலியோ காரணமில்லாத படபடப்போ வந்தது உண்டா? குடும்பத்தில் இளவயதில் திடீர் இதய மரணம் நடந்திருக்கிறதா? ஆஸ்துமா உண்டா? முதல் மூன்றில் எதற்காவது “ஆமாம்” என்றால், மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை அந்தப் பிள்ளை ஓடக்கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை ஓடலாம். ஆனால் இன்ஹேலர் வீட்டில் இருந்து பயனில்லை, மைதானத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஷூவில் பார்க்க வேண்டியது இரண்டு: நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், நடந்தால் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கக் கூடாது. ஸ்பைக்ஸ் (அடியில் கூர்முனை உள்ள பந்தய ஷூ) முதல் சீசனுக்கு அவசியமே இல்லை. கேட்டு அடம்பிடிப்பார்கள். கெண்டைக்கால் அதற்குப் பழகாமல் போட்டால் இரண்டே நாளில் கால் பிடித்துக்கொள்ளும்.

குழுவை வகுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். 20 நிமிடம் நிற்காமல் ஓடக்கூடியவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் இன்னொரு பக்கம். ஆரம்பத்துக்கு இது போதும்.

ஒன்றிலிருந்து பத்து

முதல் நாளே இந்த அளவுகோலைச் சொல்லிக்கொடுங்கள். 1 என்றால் நடப்பது. 3, 4 என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது. 6, 7 என்றால் மூன்று நான்கு சொல் பேசினால் மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. 8, 9 என்றால் ஒற்றைச் சொல்தான் வரும். 10 என்பது பந்தயத்தின் கடைசி 200 மீட்டர்.

இதைச் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஓட்டத்தின் நடுவே கேளுங்கள். அவர்கள் உங்களைக் கடக்கும்போது, “எத்தனை?” “நாலு சார்.” “அப்படின்னா நேத்து நடந்ததை ஓடிக்கிட்டே சொல்லு.” பேச்சு திணறினால் அது நாலு இல்லை. திட்டாமல், “இது ஆறு. குறை” என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதத்தில், நீங்கள் கேட்கும் முன்னே எண் சரியாக வர ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் செய்யும் பொதுவான தவறு, எல்லா நாளும் 6-இல் ஓடுவது. மெதுஓட்ட நாளில் கூட்டாளியை முந்தப் பார்ப்பார்கள். அதனால் கடினமான நாளில் கால் கனத்து, 8 போட வேண்டிய இடத்தில் 7-தான் வரும். வாரம் முழுக்க இப்படி நடுவிலேயே ஓடினால் சில வாரங்களில் முன்னேற்றம் நின்றுவிடும். அப்போது பிள்ளை “நான் இன்னும் கஷ்டப்படணும் போல” என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடுவார். பயிற்சியாளர் நாள்தோறும் செய்ய வேண்டிய பெரிய வேலை இந்த இடத்தில் அவரைப் பிடித்து நிறுத்துவதுதான்.

முதல் நான்கு வாரம்

20 நிமிடம் ஓட முடியாதவர்களுக்கு: 4 நிமிடம் மெதுஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி 5 முறை. வாரம் நான்கு நாள். ஒவ்வொரு வாரமும் ஓடும் பகுதியில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். நான்காவது வாரம் 7 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வந்திருக்கும். அடுத்த வாரம் நடையை எடுத்துவிட்டு 20 நிமிடம் தொடர்ந்து ஓடச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அது சுலபமாகவே இருக்கும்.

முடிந்தவர்களுக்கு: வாரம் ஐந்து நாள், நாளுக்கு 25 முதல் 35 நிமிடம், எல்லாம் 3 அல்லது 4-இல். வாரத்துக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரும். தூரத்தைக் கூட்டும்போது ஒரு நாளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றாமல், அந்த அளவை இரண்டு மூன்று வாரம் அப்படியே வைத்திருந்து பிறகு அடுத்த படிக்குப் போங்கள். மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் பலப்பட மாதக்கணக்கு ஆகும். “சார், எனக்கு இன்னும் ஓட முடியுது” என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. அவருடைய நுரையீரல் சொல்வது அது, முன்னங்கால் எலும்பு வேறு கணக்கு வைத்திருக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தத் தூரத்தில் கால் பங்கு குறைத்துவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், மெதுஓட்டம் முடிந்ததும் 80 மீட்டர் ஓட்டம் 4 முதல் 6 முறை. படிப்படியாக வேகம் ஏற்றி, நடுவில் நன்றாக வேகமாக ஓடி, கடைசி 20 மீட்டரில் தளர்த்த வேண்டும். நடந்தே திரும்பி வர வேண்டும். இதில் பந்தயம் கூடாது. தோள் காதருகே ஏறாமல், கை முஷ்டி இறுகாமல், தாடை தளர்வாக வேகமாக ஓடுவது எப்படி என்று உடலுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. பின்னால் வரும் எல்லா வேகப் பயிற்சிக்கும் அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது.

வாரம் இரண்டு முறை, 15 நிமிடம் வலுப்பயிற்சி: ஸ்குவாட் 10, ஒவ்வொரு காலுக்கும் லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது) 8, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 12, பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடலை நேராகப் பிடிப்பது) 30 விநாடி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12. இரண்டு சுற்று. எடை எதுவும் வேண்டாம். ஸ்குவாட்டில் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று மட்டும் முன்னால் நின்று கவனியுங்கள்.

நேரம் குறிக்கும் நாளும் வேகக் கணக்கும்

ஐந்தாவது அல்லது ஆறாவது வாரம் 3000 மீட்டர் ஓடச் சொல்லி நேரம் குறியுங்கள். 400 மீட்டர் டிராக்கில் இது ஏழரைச் சுற்று. முந்தைய நாள் ஓய்வு அல்லது 20 நிமிட மெதுஓட்டம். ஒருவரையொருவர் துரத்தாமல் இருக்க, நான்கு பேராகப் பிரித்து ஓடவிடலாம்.

3000 மீட்டரை 12 நிமிடத்தில் ஓடும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சுற்றுக்கு 96 விநாடி. இதிலிருந்து மற்ற வேகங்கள் வரும்:

மெதுஓட்டம்: கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடி முதல் 6 நிமிடம் வரை. அதாவது பந்தயச் சுற்றைவிடக் குறைந்தது 30 விநாடி கூடுதல். இதைவிட மெதுவாக ஓடினால் தவறில்லை.

டெம்போ: சுற்றுக்கு 105 விநாடி அளவில். “சௌகரியமான கஷ்டம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், அளவுகோலில் 6 அல்லது 7. 3000 மீட்டர் சுற்று நேரத்தோடு 8 முதல் 12 விநாடி கூட்டினால் கிடைக்கும், மெதுவானவர்களுக்கு 12-ஐ ஒட்டி.

நீண்ட இடைவெளி ஓட்டம் (நடுவில் ஜாகிங் விட்டு 800 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுவது): சுற்றுக்கு 96 முதல் 98 விநாடி, 800 மீட்டரை 3:12 முதல் 3:16-க்குள். அளவுகோலில் 8.

வேக ஓட்டம்: 200 மீட்டரை 43, 44 விநாடியில். ஏறக்குறைய அவளுடைய 1500 மீட்டர் பந்தய வேகம் இது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஓடவிட்டு இந்த எண்களை மாற்றுங்கள். நடுவில் “இப்போ இன்னும் வேகமா முடியும்போல” என்று ஊகித்து மாற்ற வேண்டாம்.

வாரம் எப்படி அமையும்

அடித்தளம் விழுந்த பிறகு, முதல் வருடப் பிள்ளைக்கு ஒரு வாரம் இப்படி இருக்கலாம். முதல் நாள்: 30 நிமிட மெதுஓட்டம், 80 மீட்டர் 4 முறை. இரண்டாம் நாள்: டெம்போ வேகத்தில் 6 நிமிடம் 3 முறை, நடுவில் ஒன்றரை நிமிடம் மெதுவாக ஜாகிங். மூன்றாம் நாள்: 25 நிமிட மெதுஓட்டமும் வலுப்பயிற்சியும். நான்காம் நாள்: ஓய்வு. ஐந்தாம் நாள்: சீசனின் முதல் பாதியில் மேட்டில் 8 விநாடி ஓட்டம் 6 முறை, நடந்து இறங்கி முழுதாக மூச்சு தெளிந்த பிறகு அடுத்தது, இரண்டாம் பாதியில் 800 மீட்டர் 4 முறை, ஓடிய நேரம் அளவுக்கே ஜாகிங். ஆறாம் நாள்: 45 முதல் 60 நிமிட நீண்ட ஓட்டம், அளவுகோலில் 4-ஐத் தாண்டாமல். ஏழாம் நாள்: ஓய்வு, முழு ஓய்வு.

கடின நாள் இரண்டு. மூன்றாவதைச் செருக ஆசை வரும், முக்கியமாகப் போட்டி நெருங்கும்போது. பந்தயம் இருக்கும் வாரத்தில் அந்தப் பந்தயமே ஒரு கடின நாள் என்று கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு கடின நாளுக்கும் முன்னால் 10 முதல் 15 நிமிடம் ஜாகிங், பிறகு கால் வீசுதல், முழங்கால் உயர்த்தி ஓடுதல், குதிகாலால் பின்பக்கம் தொட்டு ஓடுதல், பிறகு 80 மீட்டர் 3 முறை. ஒரே இடத்தில் நின்று நீண்ட நேரம் இழுத்துப் பிடிப்பதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

800 மீட்டர் மட்டும் ஓடுகிற பிள்ளைக்கு இந்த மெதுஓட்டம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் 800 மீட்டர் வீரர் பீட்டர் ஸ்னெல்லையும், 5000 மீட்டர் வீரர் மரே ஹால்பர்க்கையும் ஒரே நெடுந்தூர அடித்தளத்தில்தான் வளர்த்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். ஸ்னெல் வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியவர். அந்தத் தத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூரத்தை எடுக்காதீர்கள். 17 வயதில், மூன்று வருடம் தொடர்ந்து ஓடிய ஒரு பிள்ளைக்கு வாரம் 50 முதல் 65 கிலோமீட்டரே தாராளம்.

டிராக்கில் சலிப்பு தட்டினால் ஃபார்ட்லெக் வைக்கலாம். 1930-களில் ஸ்வீடன் பயிற்சியாளர் யோஸ்தா ஹோல்மேர் உருவாக்கியது. அந்தச் சொல்லுக்கு ‘வேக விளையாட்டு’ என்றே பொருள். மண் பாதையில் 30 நிமிடம் ஓடும்போது, குழுவில் ஒவ்வொருவரும் முறை வைத்து “அந்த மரம் வரை” என்று வேகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தலைமை தாங்கிப் பழகவும் இது நல்ல வழி.

கடிகாரம் இல்லாத சுற்று

வேக உணர்வை வளர்க்க இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை. எல்லோருடைய கடிகாரத்தையும் வாங்கி ஒரு பையில் போடுங்கள். 400 மீட்டர் 6 முறை, நடுவில் ஒரு நிமிடம் நடை. ஒவ்வொருவருக்கும் அவரவர் 3000 மீட்டர் சுற்று நேரமே இலக்கு. கோட்டைத் தாண்டியதும், நீங்கள் நேரத்தைச் சொல்வதற்கு முன் அவர் தன் நேரத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும். “தொண்ணூத்தாறு.” நீங்கள் “எண்பத்தொன்பது” என்று சொல்லும்போது முகத்தில் வரும் ஆச்சரியம்தான் பாடம்.

முதல் நாள் ஐந்து, ஏழு விநாடி பிசகும், அதுவும் எப்போதும் வேகத்தின் பக்கமே பிசகும். களைப்பில்லாத கால் வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதுதான் காரணம். வெற்றி பெறுவது வேகமாக வந்தவர் அல்லர், இலக்குக்கு மிக அருகில் வந்தவர். குழுவின் மெதுவான பிள்ளை இந்த நாளில் முதலிடம் பிடிப்பது அடிக்கடி நடக்கும். அந்தப் பிள்ளைக்கு அதைப் போன்ற ஊக்கம் வேறில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். ஒரு விநாடிக்குள் வர ஆரம்பித்ததும், ஐந்தாவது சுற்றுக்கு முன் 150 மீட்டர் வேக ஓட்டம் ஒன்றைச் செருகி, களைத்த காலோடு அதே 96-ஐக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பந்தயத்தின் நடுவில் தேவைப்படும் திறமை அது.

மனத்திறன்: எதை, எந்த நாளில்

பந்தய நாள் காலையில் உணர்ச்சிகரமாகப் பேசினால் பிள்ளைகளுக்கு மனவலிமை வந்துவிடாது. ஏற்கனவே துடிக்கும் இதயத்தை இன்னும் துடிக்க வைக்கும், அவ்வளவுதான். கீழே உள்ள ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பயிற்சி நாளில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இலக்கு மூன்று வகை. “முதல் இடம்” என்பது முடிவு இலக்கு, மற்றவர்கள் கையில் இருப்பது. “12 நிமிடத்துக்குள்” என்பது திறன் இலக்கு, பெரும்பாலும் தன் கையில் இருப்பது. “ஐந்தாவது சுற்றில் தோளை இறக்கி, முன்னால் போகிறவரோடு ஒட்டிக்கொள்வேன்” என்பது செயல் இலக்கு, முழுக்கத் தன் கையில் இருப்பது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு திறன் இலக்கும் இரண்டு செயல் இலக்கும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். முடிவு இலக்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும், தடுக்க வேண்டியதில்லை. நீங்கள் மட்டும் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தனக்குத் தானே சொல்லும் சொல். கஷ்டம் வரும்போது மனம் தானாகவே பேச ஆரம்பிக்கும்: “போதும், இன்னும் மூணு சுற்று இருக்கு.” அந்த இடத்தில் வைக்க, முன்னமே பழகிய குறுஞ்சொல் வேண்டும். இரண்டு அசை, மூன்று அசை, அடி வைப்போடு ஒத்துப்போக வேண்டும்: “தோள்-தளர்”, “விடு-விடு”, “கை-கை”. சொல்லை அவரே தேர்ந்தெடுக்கட்டும். உடலுக்கு ஒரு வேலை சொல்லும் சொல் பொதுவாக நிலைக்கும். “நான் சிங்கம்” போன்றவை 600 மீட்டரில் கரைந்துவிடும். பழக்கும் இடம்: 800 மீட்டர் 4 முறை ஓடும் நாளில், ஒவ்வொன்றின் மூன்றாவது 200 மீட்டரில் மட்டும். ஓடி முடித்ததும், “சொல்லு, எந்த இடத்தில சொன்ன?” என்று கேளுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

‘வந்தால், இதைச் செய்வேன்.’ ஒவ்வொருவருக்கும் பயமான மூன்று சூழ்நிலையை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்யுங்கள். முதல் சுற்றில் எல்லோரும் பறந்துவிட்டால்: என் நேரத்தில் ஓடுவேன், மூன்றாவது சுற்றில் தலை நிமிர்த்தி எண்ணிப் பார்ப்பேன். விலாவில் பிடித்துக்கொண்டால்: 20 விநாடி வேகத்தைச் சற்றுக் குறைத்து, வாயைக் குவித்து மூச்சை முழுதாக வெளியே விடுவேன். இடித்து விழுந்தால்: எழுந்து, ஒரு முழுச் சுற்று எடுத்துக்கொண்டு மெல்லக் குழுவை எட்டுவேன், பத்து மீட்டரில் எட்டப் பார்க்க மாட்டேன். பதிலை அன்று கண்டுபிடிக்க நேரம் இருக்காது, முன்னமே முடிவு செய்திருந்தால் உடல் தானாகச் செய்யும்.

மனக்காட்சி. பந்தயத்துக்கு முந்தைய வாரம், மூன்று இரவு, ஐந்து நிமிடம். வெளியிலிருந்து திரையில் பார்ப்பதுபோல் அல்லாமல், தன் கண்ணுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும்: முன்னால் ஓடுபவரின் முதுகு, டிராக்கின் சூடு, மூச்சின் சத்தம். வெற்றிக் கோட்டை மட்டும் பார்த்தால் அது பகல் கனவு. கால் கனக்கும் இடத்தையும், அங்கே தன் குறுஞ்சொல்லைச் சொல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் படமே தோன்றாது. அவர்கள் பந்தயத்தைச் சுற்றுச் சுற்றாக ஒரு தாளில் எழுதட்டும், அதே பலன் கிடைக்கும்.

பதற்றம். “பயப்படாதே” என்பது உதவாத சொல். கை வியர்ப்பதும், வயிறு கலங்குவதும், அடிக்கடி சிறுநீர் வருவதும் உடல் தயாராகிறது என்பதற்கு அடையாளம் என்று முன்னமே சொல்லிவையுங்கள். மூச்சு மட்டும் மேலோட்டமாகிவிட்டால், நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து முறை. இதைப் பயிற்சி நாளில், கடின ஓட்டத்துக்கு முன் பத்துத் தடவையாவது செய்து பழகியிருக்க வேண்டும்.

பந்தயத்தை எப்படி ஓடுவது

1500 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் சீரான வேகம்தான் சிக்கனம். 2020-இல் ஜோஷுவா செப்டெகெய் 5000 மீட்டரை 12:35.36-இல் ஓடி உலக சாதனை செய்தபோது, சுற்றுக்கு 60 விநாடிக்குச் சற்று மேலாக, தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சீராக ஓடினார். 800 மீட்டர் மட்டும் வேறு கணக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடியதில் முதல் சுற்று 49.28 விநாடி, இரண்டாவது 51-க்கு மேல். பள்ளி மாணவருக்கும் 800-இல் முதல் சுற்று இரண்டு, மூன்று விநாடி வேகமாக இருக்கலாம். ஐந்து விநாடிக்கு மேல் போனால் கடைசி 150 மீட்டரில் கால் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

3000 மீட்டர் 12 நிமிட மாணவிக்கு, முடிவுக் கோட்டைக் கடக்கும் நேரங்கள் இவை (ஏழரைச் சுற்று என்பதால் முதல் முறை 200 மீட்டரிலேயே கடப்பாள்): 0:48, 2:24, 4:00, 5:36, 7:12, 8:48, 10:24, 12:00. முதல் 200 மீட்டர் 42-இல் போனால் உங்கள் குரல் கேட்க வேண்டும்: “தளர்த்து.” அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கத்திக்கொண்டே ஓரமாக ஓடும் பயிற்சியாளர், பிள்ளையின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறார். ஒரே இடத்தில் நில்லுங்கள். நேரத்தையும், முன்பே பேசிவைத்த ஒரு சொல்லையும் சொன்னால் போதும்.

1500-இல் மூன்றாவது சுற்றிலும், 3000-இல் ஐந்து, ஆறாவது சுற்றுகளிலும்தான் வேகம் வழுக்கும். தொடக்கத்தின் புத்துணர்ச்சி போயிருக்கும், முடிவு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. அந்த இடத்துக்கென்று ஒரு வேலை கொடுங்கள்: “ஆறாவது சுற்றில் ஒருவரைத் தாண்டு.” மீதித் தூரம் முழுவதையும் நினைக்காமல், அடுத்த வளைவு, அடுத்த முதுகு என்று துண்டு துண்டாக ஓடச் சொல்லுங்கள்.

கடைசி வாரத்தில் மொத்தத் தூரத்தை அறுபது சதவீதமாகக் குறையுங்கள். பந்தய வேகத்தில் 200 மீட்டர் 4 முறை மட்டும், மூன்று நாள் முன்னதாக. கால் “சோம்பலாக இருக்கு” என்று பிள்ளைகள் புகார் சொல்வார்கள், அது சாதாரணம். கூடுதலாக ஓடி அந்தச் சோம்பலைப் போக்க விடாதீர்கள். பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, பழகிய, எண்ணெய் குறைந்த, மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. புதிதாக எதையும் அன்று சோதிக்கக் கூடாது. வார்ம்-அப்பை 45 நிமிடம் முன்பு தொடங்கி, ஓட்டத்துக்கு 10 நிமிடம் முன் முடியுங்கள்.

வலியும் வெப்பமும்

தசை முழுக்கப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் ஓடலாம். ஓட்ட நடையை மாற்றும் வலி என்றால் அன்று நிறுத்திவிடுங்கள். முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் உள்ளங்கை நீளத்துக்குப் பரவிய வலி, தூரத்தை வேகமாக ஏற்றியதால் வருவது; தூரத்தைப் பாதியாக்கி, மண் தரையில் ஓடவைத்தால் பெரும்பாலும் தணியும். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் துடிக்கும் வலி, இரவிலும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் தாங்க முடியாத வலி என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டிலோ குதிகால் பின்பக்கமோ வலி என்று வேகமாக உயரும் பிள்ளை சொன்னால், எலும்பு வளரும் இடத்தில் தசைநாண் இழுக்கிறது என்று பொருள். குதிப்பதையும் மேட்டு ஓட்டத்தையும் சில வாரம் விலக்குங்கள்.

உடல் எடையைப் பற்றி எந்தப் பிள்ளையிடமும் பேசாதீர்கள், எடை பார்க்கவும் வேண்டாம். “கொஞ்சம் இளைச்சா இன்னும் வேகம் வரும்” என்ற ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டை வருடக்கணக்கில் கெடுத்துவிடக்கூடும். ஓடும் அளவுக்குச் சாப்பிடாத உடல், எலும்பையும் ஹார்மோனையும் விலையாகக் கொடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றால் அதைப் பயிற்சியின் சாதாரண விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைப் பேச வசதியான ஒரு பெண் ஆசிரியையோ உதவிப் பயிற்சியாளரோ குழுவில் இருப்பது அவசியம். காரணமில்லாமல் எல்லா நேரமும் மெதுவாகி, மெதுஓட்டமே 6 ஆகிவிட்ட பிள்ளைக்கு, ஆண் பெண் யாராக இருந்தாலும், இரும்புச்சத்துப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். தேர்வு வாரத்தில் இது குறையும் என்பதால் அந்த வாரம் கடின நாள் ஒன்றே போதும்.

வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கடின ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள், அல்லது நேரத்தைப் பார்க்காமல் அளவுகோலை மட்டும் வைத்து ஓடவிடுங்கள். ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ, பொருத்தமில்லாமல் பேசினாலோ, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் கழுத்தளவு குளிர்ந்த நீரில் உடனே அமர்த்துங்கள், தலையைப் பிடித்துக்கொண்டே. பெரிய தொட்டியும் பனிக்கட்டியும் வெப்ப நாளில் மைதானத்திலேயே இருக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது.

பந்தயம் முடிந்த பிறகு

கோட்டைத் தாண்டிய பத்து நிமிடத்துக்கு எந்த விமர்சனமும் வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், நடக்க வையுங்கள், 10 நிமிடம் ஜாகிங். அழுதால் அழட்டும். அடுத்த நாள் மெதுஓட்டத்தில் பக்கத்தில் ஓடியபடியோ சைக்கிளில் வந்தபடியோ மூன்று கேள்வி: எந்தச் சுற்றில் எத்தனை எண்ணில் ஓடினாய்? செயல் இலக்கில் எதைச் செய்தாய்? அடுத்த முறை எந்த ஒரு விஷயத்தை மாற்றுவாய்? பிள்ளை பேசி முடிக்கும்வரை உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். அவருடைய ஊகமும் உங்கள் கையிலுள்ள சுற்று நேரமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். “நாலாவது சுற்றுல விட்டுட்டேன் சார்” என்று அவர் சொல்வார், தாளில் நான்காவது சுற்று 95 விநாடியாக இருக்கும், ஆறாவதுதான் 103. அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள்.

சீசன் முடிந்ததும் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம். நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், பந்து விளையாடலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம். மூன்றாவது வாரம் 20 நிமிட மெதுஓட்டம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடிகாரம் இல்லாமல்.